காதுக்கல்லில் ஒரு கறுப்பு வளையம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது கருணாகரன் சேர், எங்கள் மீன் ஆய்வுப் பிரிவின் பொறுப்பாளர். மேசையின் ஒரு முனையில் நின்றார். பக்கத்தில் கதிரை கிடந்தும் உட்காரவில்லை. இரண்டாவது மகேந்திரன். குளத்துக்குள் கூட்டு வலை போட்டு மீன்குஞ்சு வளர்க்கும் திட்டத்துக்குக் காசு கொடுத்த நிறுவனத்தின் கண்காணிப்பு உத்தியோகத்தர். மூன்றாவது அருள்மலர், அந்தக் குஞ்சுகளை வளர்த்த பெண்கள் குழுவின் தலைவி. நான்காவது பூமணி, அதே குழுவைச் சேர்ந்தவர். உள்ளே வரச் சொல்லியும் வராமல் கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். ஐந்தாவது நான். வாகனச் சாரதி வெளியே வேப்பமரத்தின் கீழ் நித்திரை, அவரைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு திருத்தமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று நடந்ததைப் பற்றிப் பிறகு பலர் பலவிதமாகக் கதைத்தார்கள். அங்கே இல்லாதவர்கள்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் தர்சிகா என்ற பிள்ளை தொலைபேசி எடுத்தாள். எங்கள் பிரிவில் இப்போது கணினி வேலை முழுவதும் அவள் கையில்தான்.

"அன்ரி, கருணாகரன் சேர் செய்த கணினி மாதிரிக்குள்ள ஒரு வரி கிடக்கு. வருசத்தில ஒரே ஒரு நாள் குஞ்சுகள் கூடுதலாச் சாகுது எண்டு. ஏனெண்டு ஒரு இடமும் எழுதேல்லை. காரணம் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு."

"அதை என்ன செய்தனீ பிள்ளை?"

"எடுத்துப் பாத்தனான். எடுத்தா, வலையில வாற மீனும் கணினி சொல்லுற மீனும் பொருந்துதில்லை. திருப்பிப் போட்டா அச்சொட்டாப் பொருந்துது." பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு அன்ரி. அந்த வரியைத் தொடவே விருப்பமில்லை."

"தொடாதை. நான் எழுதி அனுப்புறன்" என்றேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று நாள் முழுவதும் கவலைப்பட்டேன். பிறகு அருள்மலரிடம் போய், எழுதலாமா என்று கேட்டேன். குளத்தின் பெயரைப் போடாமல் எழுதச் சொன்னார். மாங்குளத்திலிருந்து உட்புறமாகப் போனால் வரும் குளங்களில் அது ஒன்று. அவ்வளவுதான் எழுதுவேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். பளையில் தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கியிருக்கிறேன், இடம்பெயர்ந்து போன இடங்களில் கிடைத்ததைச் செய்திருக்கிறேன், திரும்பி வந்து மீன் தொட்டி கழுவும் நாட்கூலியாக அந்தக் கந்தோருக்குள் போனேன். தொட்டி கழுவிய ஆறு வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாசி வழுக்கும், கை வெளிறும்.

நான் பயந்த சுபாவம். குசினியில் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருகிறவள். கந்தோரில் இதற்காக என்னைப் பகிடி பண்ணுவார்கள். கருணாகரன் சேர் வந்த புதிதில் ஒருநாள், நான் பூட்டிய அலுமாரியை மூன்றாவது முறை இழுத்துப் பார்ப்பதைக் கண்டார்.

"நெடுக இப்பிடியோ?" என்றார்.

"ஓம் சேர். பழக்கமாப் போச்சு."

"நல்லது. என்னட்டயும் ஒரு வேலை கிடக்கு, இந்த அலுமாரியைப் போலத் திரும்பத் திரும்பப் பாக்க வேணும். மூண்டு தரம் பாக்கிற ஆள்தான் வேணும்."

அப்படித்தான் காதுக்கல் வேலைக்கு வந்தேன்.

மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சோடிக் கல் இருக்கிறது. அதுதான் காதுக்கல். விரல் நீளக் குஞ்சில் அது எள்ளை விடச் சிறியது. ஊசியால் எடுத்து, கழுவி, காயவைத்து, கண்ணாடித் தகட்டில் நிறமில்லாத நகப்பூச்சில் ஒரு துளி வைத்து ஒட்ட வேண்டும். பிறகு நனைத்த அரத்தாளில், விரல் நுனியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டும். ஒரு தேய்ப்புக் கூடினால் நடுப்பகுதி போய்விடும். நடுதான் அது பிறந்த நாள். குறைந்தால் ஒன்றும் தெரியாது. சரியாக வந்தால், நுணுக்குக்காட்டிக்குள் மரத்தை அறுத்த குற்றியைப் போல வளையம் வளையமாகத் தெரியும். மரத்துக்கு வருடத்துக்கு ஒரு வளையம். இதற்கு நாளுக்கு ஒரு வளையம். நன்றாகத் தின்ற நாள் அகலமாக இருக்கும். பட்டினி கிடந்த நாள் ஒடுங்கிக் கறுத்திருக்கும். ஓரத்து வளையம் நாங்கள் பிடித்த நாள். அங்கிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனால் எந்த நாளில் என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

இந்த எண்ணிக்கை எதற்கு என்றால், சேர் கணினிக்குள் ஒரு குளம் வைத்திருந்தார். அதைத்தான் மாதிரி என்பார்கள். குளத்தின் ஆழம், காற்று, வெயில், துருசு திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டால் மட்டம் எவ்வளவு இறங்கும், எல்லாம் அதற்குள் இருந்தது. பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு நாளும் கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் இன்றைக்கு இது தப்புமா என்று பார்க்கும். தப்பாவிட்டால் புள்ளி அணையும். நான்கு மாதம் தப்பி, வலைக்கண்ணில் அகப்படும் அளவுக்கு வளர்கிறவைதான் மீனவனுக்கு வரும் மீன். எத்தனை பிறந்தது என்பது பெரிய கேள்வி இல்லை. திலாப்பியா பிறந்துகொண்டேதான் இருக்கும். எத்தனை வந்து சேரும் என்பதுதான் கேள்வி. அது தெரிந்தால்தான் எத்தனை வலை விடலாம், எப்போது விடக்கூடாது என்று சொல்லலாம்.

சேர் குஞ்சு "செத்துது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "வரேல்லை" என்பார். "இந்தக் கிழமை பிறந்ததுகள் கனக்க வரேல்லை." முதன்முதல் அந்தத் திரையைப் பார்த்தபோது குளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க, சத்தமில்லாமல், அங்கொன்று இங்கொன்றாக அணைந்தது. கடைசியில் கொஞ்சம் புள்ளிகள் ஒரு கரையோரம் நின்றன. எனக்கு மேல் கூசியது.

"நிப்பாட்டுங்கோ சேர்."

"நடுவில நிப்பாட்டக் கூடாது அக்கா" என்றார். "நிப்பாட்டினா மிச்சம் நிக்கிறதுகள் எங்க போறது?" சிரித்தார். ஆனால் உண்மையாகவே ஒருநாளும் நடுவில் நிறுத்தியதில்லை. கந்தோர் பூட்டும் நேரம் வந்தாலும் கடைசி நாள் வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொன்றும் சொல்வார்: "செத்ததுகளின்ர கல்லு எங்களுக்குக் கிடைக்காது. தப்பினதுகளிட்டக் கேட்டுத்தான் தப்பாததுகளைக் கணக்கெடுக்கிறம். அதால, தப்பினது சொல்லுறதை வடிவாக் கேக்க வேணும்."

கூட்டு வலைத் திட்டம் வந்தபோது குளத்தடிப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். குளத்துக்குள் கம்பு நட்டு, வலையால் கூடு கட்டி, குஞ்சுகளை விட்டு, தவிடும் கருவாட்டுத் தூளும் குழைத்துப் போட்டு வளர்த்து, பெருத்த பிறகு குளத்துக்குள் திறந்துவிட வேண்டும். அதற்கு மாதாமாதம் கூலி. பன்னிரண்டு வீட்டிலும் அந்தக் கூலியில்தான் உலை வைத்தார்கள் என்றால் மிகையில்லை. எங்கள் வேலை, வளர்ப்புக் குஞ்சு எப்படி வளர்கிறது என்று கல்லைப் படித்துச் சொல்வது.

முதல் வருடக் கற்களைப் படித்தபோது ஒரு குஞ்சில் கறுப்பு வளையம் ஒன்று கண்டேன். ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் நல்ல அகல வளையங்கள். தேய்த்ததில் பிழை என்று அடுத்ததை எடுத்தேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஓரத்திலிருந்து எண்ணினால் எல்லாம் ஒரே நாள். ஒரே நாளில் அந்தக் கூடுகள் எல்லாவற்றிலும் இருந்த குஞ்சுகள் ஒன்றும் தின்னவில்லை.

சேரும் தனியாக எண்ணினார். அதே நாள். மழை, காற்று, வெப்பம், நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்த்தார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாளுக்குக் கிட்டப் பிறந்த குஞ்சுகளில் மிகக் குறைவாகத்தான் எங்கள் கையில் இருந்தன. வாய் திறந்து முதல் இரை எடுக்கும் பருவத்தில் ஒரு நாள் தவறினால் அவை தாங்காது.

அடுத்த வருடமும் வளையம் வந்தது. ஆனால் வேறு நாள். பதினொரு நாள் முன்னுக்கு.

இதற்கிடையில் மகேந்திரன் எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தன் வேலையைச் செய்கிறவர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் கேட்டார்.

"அம்மா, நீங்களோ இதைப் படிச்சது? ஒரு நாள் தீன் போடேல்லை எண்டுதானே அர்த்தம்?"

"ஒரு நாள் இரை எடுக்கேல்லை எண்டு அர்த்தம்."

"கூட்டுக்குள்ள நிக்கிற மீன் வேற எங்க போய் எடுக்கிறது? கல்லில தெரிஞ்சது ஒரு நாள். தெரியாதது எத்தினை நாளோ. தவிடு எங்க போச்சுது? கோழிக்குப் போச்சுதோ?" பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "நெளுக்குளத்தில ஒரு ஆள் இந்தக் கூடுகளைத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் ஒண்டு கிடைச்சா மேலிடம் குடுத்துவிடும். நான் இப்பவே சொல்லிப்போட்டன்."

இரண்டு வருடத்துக்கும் ஒவ்வொரு நாள் தவிட்டுக் காசைக் கூலியில் வெட்டினார். அது சின்னக் காசு. கூடு போவதுதான் பெரிய விசயம். நான் படித்த வளையத்தால் பன்னிரண்டு அடுப்பு அணையப் போகிறது என்று நினைக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சேர் சந்திரனைச் சந்தேகப்பட்டார். மீனுக்கு நிலவுக் கணக்கு உண்டு. சிலது பூரணையில் இரை எடுக்காது. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறொன்று மனதில் தட்டியது. வீட்டுக்கு வந்து அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். பழைய நாட்காட்டிகளை நான் எறிவதில்லை, எப்போதாவது தேவைப்படும் என்ற பயம். இரண்டு வருடத்து நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இரண்டு நாளும் ஒரே நாள்தான். ஆனி மாதம், அபரபக்கம் என்ற தேய்பிறை, தசமி.

பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிற ஒரு நாளை, திதி பார்த்து, வருடம் தவறாமல் சனம் பிடித்து வைத்திருக்கிறதென்றால் அது என்ன நாள் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செத்தவர்களுக்குத்தான் அப்படி நாள் வைப்பது. திவசம்.

அடுத்த நாள் அருள்மலர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கோக்கா. இண்டைக்கு என்ன, மீனின்ர காதுக்குள்ள எங்கட வீட்டுக் கதை ஏதும் கேட்டுதோ?"

"பகிடி விடாதையும் அருள்மலர். ஆனி அபரபக்கத் தசமியில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

வலை ஊசி நின்றது. பூமணியைக் கூப்பிட்டார். பூமணி வந்து பக்கத்தில் குந்தினார்.

"உதையும் கல்லிலயோ படிச்சனீங்கள்?" என்றார் பூமணி.

"எந்த நாள் எண்டதைத்தான் படிச்சது. மற்றது தெரியாது."

அருள்மலர் மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கு இந்தக் குளத்தடியில ஒரு வீட்டிலயும் அடுப்பு மூட்டிறேல்லை. விளக்கு வைச்சாப்பிறகுதான் சமையல். பெரியாக்கள், குழந்தையள் ஒருத்தரும் சாப்பிடுறேல்லை. குளத்தில கால் வைக்கிறதும் இல்லை."

"அப்ப கூட்டில நிக்கிற குஞ்சுகளுக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நாங்கள் ஒருத்தரும் சாப்பிடேல்லை" என்றார் பூமணி. "அதுகளுக்கு மட்டும் போட வேணும் எண்டு ஒருத்தருக்கும் யோசினை வரேல்லை அக்கா. வீட்டில நிக்கிற ஆடு மாடு மாதிரித்தானே. அண்டைக்கு நாய்க்கும் வைக்கிறேல்லை."

ஏனென்று நான் கேட்கவில்லை. அருள்மலரே சொன்னார். "இடம்பெயரேக்க குளக்கட்டால போக ஏலாது. குளத்துக்கு மேலாலதான் கடந்தனாங்கள். பிள்ளையள் முதல்ல போகட்டும் எண்டு, முதல் தோணியில பிள்ளையளை ஏத்தினது." பூமணி வலையின் ஒரு முனையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதை மகேந்திரனிட்டச் சொல்லுங்கோவன். அவர் மனுசன்தானே."

"ஒருக்கா ஒராள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவர். அதுக்குப் பிறகு ஆர் ஆரோ வந்து, என்னென்னவோ கேட்டு, பேர் பதிஞ்சு... வேண்டாம். இனி வெளியாக்களுக்குச் சொல்லுறேல்லை எண்டு கோயில்ல வைச்சு எல்லாரும் சேந்து முடிவெடுத்தது. கூடு போனாப் போகட்டும்."

சேரிடம் மட்டும் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். சேர் யன்னலைப் பார்த்தபடி கேட்டார். கேட்டு முடிந்ததும், மேசையில் கிடந்த பென்சிலைச் சீவத் தொடங்கினார். சீவத் தேவையில்லாத பென்சில்.

"காரணத்தை அவை எழுத வேண்டாமெண்டா நான் எழுதமாட்டன்" என்றார். "ஆனா கல்லுப் பொய் சொல்லாது அக்கா. மகேந்திரன் ஒண்டு கேட்டிருக்கிறார். கூட்டுக்கு வெளிய, குளத்தில தன்பாட்டில பிறந்து திரியிற குஞ்சுகளின்ர கல்லையும் பாக்கட்டாம். அதுகளிலயும் வளையம் இருந்தா அது குளத்தின்ர பிரச்சினை, பெண்களில பிழையில்லை. இல்லாட்டி தீன் போடாததுதான் காரணம். கேட்டது நியாயம். மாட்டனெண்டு சொல்ல ஏலாது."

இதை அருள்மலரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "வெளிய திரியிறதுக்கு நாங்களோ அக்கா தீன் போடுறது? அது தன்பாட்டில தின்னும். அதில என்ன வளையம் வரப்போகுது? சரி, பாருங்கோ. நெளுக்குளத்தாருக்கு அதிர்ஷ்டம்."

அடுத்த ஆனி போய் மூன்று கிழமை கழித்துப் பிடித்தோம். கூட்டிலிருந்து இருபது குஞ்சு, எதிர்க்கரையில் நாணலுக்குள் கைவலை போட்டு இருபது. கூட்டுக் குஞ்சு தப்பி வெளியே போயிருக்குமோ என்று எனக்குப் பயம். எல்லாக் கூட்டையும் சுற்றி வலைக்கண் வலைக்கண்ணாகத் தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்லை. அந்த வருடம் கூடு திறக்கவும் இல்லை. அதோடு, தவிடு தின்ற குஞ்சின் வளையம் அகலம், வெளிக்குஞ்சின் வளையம் ஒடுக்கம்; கலந்தாலும் சேருக்குத் தெரிந்துவிடும்.

கற்களைத் தேய்த்து முடித்ததும் சேர் தகடுகளை வாங்கிக்கொண்டார். கூட்டு மீன் என்றால் தகட்டின் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. வெளி மீன் என்றால் பொட்டில்லை. எல்லாவற்றின் அடியிலும் கறுப்பு நாடா ஒட்டி மறைத்து, குலுக்கி, இலக்கம் போட்டார். எது எந்த மீன் என்று எனக்குச் சொல்லாமல் படிக்கச் சொன்னார். அகலம் ஒடுக்கத்தைப் பார்த்து நான் ஊகிக்கக்கூடும் என்று, அந்தத் தசமி நாள் வரும் சின்ன இடத்தை மட்டும் தெரியவிட்டு மற்றதைத் தாளால் மூடினார். வளையம் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்ல வேண்டும். அவரும் தனியாகப் படித்தார்.

ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது. பாதியில் ஒரு இடத்தில் இல்லாமல் போகத்தானே வேண்டும் என்று காத்திருந்தேன். என் கண்ணில் பிழை என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டில் நேர்த்தி வைத்தேன்: இல்லாமலிருக்க வேண்டும் என்றல்ல, இருக்க வேண்டும் என்றுமல்ல, நான் பிழையாகப் படிக்கக்கூடாது என்று.

நாங்கள் ஐந்து பேரும் அந்த அறையில் இருந்தது இதற்குப் பிறகுதான்.

சேர் தகடுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தார். "என்ர வாசிப்பும் அக்காவின்ர வாசிப்பும் ஒண்டு. இனி நாடாவைக் கழட்டுவம். மகேந்திரன், நீங்களே கழட்டுங்கோ."

மகேந்திரன் நகத்தால் கிளப்பி ஒவ்வொன்றாகக் கழற்றினார். சிவப்புப் பொட்டு. பொட்டில்லை. பொட்டில்லை. சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் சேர் முடிவைச் சொன்னார். "வளையம் இருக்கு." "வளையம் இருக்கு." ஒரே குரல், ஏறவுமில்லை இறங்கவுமில்லை. பாதிக்குப் பிறகு மகேந்திரன் சேரின் முகத்தைப் பார்க்காமல் கழற்றினார். கடைசித் தகடு வரைக்கும் அதே சொல்தான் வந்தது.

வெளியே சாரதி இருமியது கேட்டது.

"அப்ப," என்றார் மகேந்திரன், "தீன்ல பிரச்சினை இல்லை. குளத்திலதான் ஏதோ நடந்திருக்கு."

"ஓம்" என்றார் அருள்மலர். "குளத்திலதான் நடந்தது."

அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. கூடு தப்பியது என்று அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் அவருக்கும் எனக்கும் பூமணிக்கும் சேருக்கும் தெரிந்த ஒன்று மகேந்திரனுக்குத் தெரியாது: கூட்டுக் குஞ்சு தின்னாததற்குக் காரணம் இருந்தது. வெளிக்குஞ்சு தின்னாததற்கு ஒரு காரணமும் இல்லை. அதற்கு யாரும் தீன் போடுவதுமில்லை, மறிப்பதுமில்லை.

பூமணி கதவு நிலையிலிருந்து முதல்முறையாக உள்ளே வந்தார். மேசைக்குக் கிட்ட வந்து, பொட்டில்லாத தகடு ஒன்றைக் காட்டி, "சேர், இதை ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார். சேர் நுணுக்குக்காட்டியில் வைத்துக் கொடுத்தார். பூமணி கனநேரம் குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் தகட்டைத் துடைத்துத் திரும்ப வைத்தார், ஒரு குழந்தையின் வாயைத் துடைப்பது போல.

அதற்கடுத்த ஆனியில் சேர் என்னைக் கேட்டார். "தசமியண்டு நான் குளத்துக்குப் போப்போறன். தண்ணிக்குள்ள இறங்கமாட்டன். குளக்கட்டில இருந்து தண்ணி அளக்கிற மீற்றரை மட்டும் கயிறில விடுவன். அருள்மலரிட்டக் கேட்டுட்டன். நீங்களும் வாறீங்களோ?"

போனேன். போகாமல் வீட்டில் இருந்து யோசிப்பது அதை விடப் பயம்.

பட்டப்பகல். வெயில் எறித்தது. குளத்தடியில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. தோணிகள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நடுக்குளத்துப் பட்டமரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்தபடி இருந்தன, ஒன்றும் மூழ்கவில்லை. சேர் மீற்றரைக் கயிற்றில் இறக்கினார். ஒட்சிசன் பார்த்தார், வெப்பம் பார்த்தார். நான் கட்டுக்கல்லில் குந்தித் தண்ணீர் விளிம்பைப் பார்த்தேன்.

அங்கே குஞ்சுகள் நின்றன. வழக்கமாக எங்கள் நிழல் விழுந்தாலே சிதறி ஓடுகிறவை. அன்று ஓடவில்லை. செட்டை மட்டும் மெல்ல அசைய, எல்லாம் ஒரே பக்கம் தலையை வைத்து நின்றன. நடுக்குளத்தைப் பார்த்தபடி. கரையோரமாக எவ்வளவு தூரம் கண் போனதோ அவ்வளவு தூரமும் அப்படியே.

என் சேலை முடிச்சில் ஒரு பிடி தவிடு கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் தெரியாது. போடலாமா என்று சேரைப் பார்த்தேன். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினேன். தவிடு தண்ணீரில் விரிந்து குஞ்சுகளின் தலைக்கு மேலால் மிதந்து போனது. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

"மீற்றரில என்ன சேர்?" என்றேன்.

"எல்லாம் சரி" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "ஒரு குறையும் இல்லை" என்றார். கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்தும் எழும்பவில்லை. இருவரும் பொழுதுபடும் வரைக்கும் இருந்தோம். குளத்தடியில் ஒரு வீட்டில் விளக்கு வைத்தார்கள். பின் கோடியில் முதல் புகை எழும்பியது. விளிம்பில் தண்ணீர் சளசளத்தது. குனிந்து பார்த்தேன். குஞ்சுகள் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன.

என் கண் ஏமாற்றியிருக்கலாம். நான் பயந்த சுபாவம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சேர் பயந்தவரில்லை. திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "காரணம் தெரியாட்டி காரணத்தை எழுதாதேங்கோ அக்கா. எந்த நாள் எண்டதை மட்டும் எழுதுங்கோ."

அடுத்த நாள் மாதிரிக்குள் அந்த வரியைப் போட்டார். ஆனி, அபரபக்கம், பத்தாம் நாள். அன்று முதல் இரை எடுக்கும் பருவத்தில் நிற்கிற குஞ்சுகளில் பெரும்பகுதி வராது. காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டார். ஓடவிட்டார். திரையில் புள்ளிகள் வழக்கம்போல அங்கொன்று இங்கொன்றாக அணைந்துகொண்டு வந்து, அந்த நாளில் ஒரு கரைப்பக்கம் முழுவதும் ஒரேயடியாக இருண்டது. பிறகு மிச்சமிருந்தவை வளர்ந்தன. முந்திய வருடங்களில் வலையில் வந்த மீன் கணக்கோடு வைத்துப் பார்த்தார். அதுவரை ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை. அதன்பிறகு ஒருநாளும் பொருந்தாமல் விட்டதுமில்லை. நாங்கள் இருவரும் கடைசி நாள் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கணினியை அணைத்தோம்.

இதுதான் தர்சிகா, நீ கேட்ட வரி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ படித்த பிள்ளை; உனக்கு ஒரு காரணம் கிடைத்தால் எனக்கும் சொல். நிலவு என்று வந்தாலும் சரி, வேறேதும் என்று வந்தாலும் சரி, எனக்கு ஆறுதலாக இருக்கும். கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடு. வரியை மட்டும் எடுக்காதே.

கூடுகள் இன்றைக்கும் அருள்மலர் ஆட்களிடம்தான் இருக்கின்றன. மகேந்திரனும் மாற்றலாகிப் போவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தார். பெண்களில் பிழையில்லை என்று எழுதி, இரண்டு வருடத்துக்கும் வெட்டிய தவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்க அனுமதி எடுத்தார். வந்து கையெழுத்து வைத்து வாங்கச் சொல்லிப் பல தடவை ஆள் அனுப்பினார்கள். அருள்மலர் போகவில்லை. இதை எழுத அனுமதி கேட்கப் போன அன்று அதையும் கேட்டேன்.

"ஏன் அருள்மலர், உங்கட காசுதானே?"

"போடாத தவிட்டுக்கு எப்பிடியக்கா காசு வாங்குறது?" என்றார். "கையெழுத்து வைச்சா அண்டைக்குப் போட்டனாங்கள் எண்டு ஆகிடும். சாப்பிட்ட மாதிரி ஆகிடும். பிள்ளையளுக்கு முன்னால அப்பிடிச் சொல்ல ஏலாது."

அந்தக் காசு இன்னும் கொடுபடாமல்தான் கிடக்கிறது. மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.